பொன்னாயி அடித்த வெள்ளை

எட்மண்டுக்குக் கண்ணைவிடப் புறங்கையில்தான் நம்பிக்கை அதிகம். கட்டபெட்டுக்குக் கீழே இருந்த தேயிலை ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் டீமேக்கராக இருந்தவர். இலை வாட்டும் மாடியில் பரப்பிக் கிடக்கும் இலைக்குள் புறங்கையைச் செருகி எடுத்து, "இன்னும் ஒரு மணி நேரம்" என்பார். ஒரு மணி நேரம்தான் ஆகும். அதே புறங்கையைத்தான் ஈரக் காகிதத்தின் மேலும் கொண்டுபோய்ப் பார்ப்பார். குளிர்ச்சி தட்டினால் படம் இன்னும் காயவில்லை; தட்டாவிட்டால் அடுத்த பூச்சுக்குப் பதம். "வாட்டர் கலரையும் தேயிலையாட்டப் பக்குவம் பார்க்கிற மனுசன் ஒலகத்துலயே எங்க ஊட்டுக்காரர் ஒருத்தர்தான்" என்று யூனிஸ் டீச்சர் சொல்வதுண்டு. புகழ்ச்சியாகச் சொல்வதில்லை.

ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தவரை படம் போடுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு. ஆராதனை முடிந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்கள், கல்லால் கட்டிய பழைய தாலுகா கச்சேரி, தகரக் கூரைத் தபாலாபீஸ், கீழ்க்கோத்தகிரிச் சரிவு, பள்ளத்திலிருந்து ஏறிவரும் மேகம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. போட்டதைக் கேட்டவர்களுக்குக் கொடுப்பார், கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். அந்தப் பக்கத்தில் எட்மண்ட் படம் இல்லாத வீடு கிடையாது. அதை மாட்டியிருந்த வீடுகள் குறைவு.

அப்புறம் தேயிலை விழுந்தது. பச்சை இலையின் விலை அதைப் பறிக்கும் கூலிக்கே கட்டாமல் போன வருஷங்கள் அவை. பறிக்காமல் விட்ட தோட்டங்கள் ஆள் உயரத்துக்கு எழும்பி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றன. வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து அழகு என்பார்கள். தோட்டக்காரனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். மேலூர் நஞ்சப்பன் ஒரு நாள் பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு, வெறும் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். காலை ஆறரை பஸ்ஸில் இரும்புப் பெட்டியும் பாய்ச்சுருளுமாகத் திருப்பூருக்கு இறங்கிய குடும்பங்களுக்குக் கணக்கில்லை. கடைசியில் எட்மண்டின் ஃபேக்டரியும் மூடியது. கட்டபெட்டு வளைவில் எந்நேரமும் நிற்கும் தேயிலை வாசனை அன்றோடு நின்றது. மறுநாள் காலை எட்மண்ட் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். பதினான்கு மாதம் கழித்தும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்று டிசம்பர் முதல் வாரம். யூனிஸ் பாடம் சொல்லும் சின்னப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். மார்ச்சோடு மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் இருந்த அவள் தம்பி சுவிசேஷமுத்து, மச்சானுக்கு ஒரு பனியன் கம்பெனி குடோனில் வேலைக்குச் சொல்லி, வீடும் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை லாரி வரும். சுவர்க்கடிகாரம்கூடப் பெட்டிக்குள் போய்விட்டது. ஆணி மட்டும் மிச்சம்.

போவதா இருப்பதா என்பது ஒரே ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர்க்காரர் கீர்த்திவாசன் கட்டபெட்டில் ஒரு பழைய பங்களாவை வாங்கித் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அறை. அறைக்கு ஒரு பழைய கட்டடத்தின் படம் மாட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. "முதல்ல உங்க சிலுவைமேட்டுக் கோயிலைப் பெருசாப் போட்டுக் காட்டுங்க சார். அது மனசுக்குப் பட்டுதுன்னா மத்த பதினொண்ணும் உங்களுக்குத்தான். சனிக்கெழமை பதினோரு மணிக்கு வர்றேன்" என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு படம் என்றால் ஒன்றரை வருஷத்து வேலை. அதற்குள் தேயிலை எழுந்துவிடும் என்று மலையில் எல்லோரும் எல்லா வருஷமும் நம்பினார்கள்.

புதன்கிழமை பொழுது சாய, யூனிஸ் மேரக்காய்க் கூட்டை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏனுங்க, சனிக்கெழமை அவரு புடிக்கலைன்னு சொல்லிப்போட்டா அழுவக்கூடாது."

"ஆரு அழுவறா?"

"நாந்தான். எனக்கே சொல்லிக்கறேன்." ஜன்னலுக்கு வெளியே பந்தலைப் பார்த்தாள். "இந்த மேரக்காக் கொடிய என்ன பண்றது? திருப்பூருக் காத்துக்கு ஒரே நாள்ல வெந்துபோயிருமே."

"படம் நல்லா வருது யூனிஸ்."

"வரும். உங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் வரும். வெயிலுதான் வரமாட்டேங்குது."

அது உண்மை. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடியப்போகும்போதும் விடவில்லை. வீட்டில் காகிதத்தை வைத்தால் பொத பொதவென்று ஊறிவிடும். அதனால் எட்மண்ட் கோயிலின் வெஸ்ட்ரி அறையில்தான், போதகர் ஐயர் அங்கி மாற்றுகிற அந்தச் சின்ன அறையில்தான், பலகையைப் போட்டிருந்தார். ஜன்னலைத் திறந்தால் கோயிலின் முன்சுவர் பக்கவாட்டில் முழுசாகத் தெரியும்.

அந்த வாரம் அவருக்கு அங்கே ஒரு கூட்டாளி இருந்தாள். பொன்னாயி. சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து புருஷனோடு எஸ்டேட்டுக்கு மலையேறி வந்தவள். புருஷன் வெள்ளையடிப்பவன். அவன் போனபிறகு அவன் ஏணியை எடுத்துக்கொண்டாள். மழையில் பாசி பிடித்துப் பச்சையும் கறுப்புமாகிவிடும் கோயில் சுவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடிப்பது வருஷா வருஷம் அவள் வேலை. அவள் வேதக்காரி இல்லை. ஆனால் அந்தக் கோயிலின் ஒவ்வொரு கல்லும் ஐயரைவிட அவளுக்குத்தான் பழக்கம்.

கல்சுண்ணாம்பைத் தகர டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவாள். குழம்புபோல் கொதிக்கும். கொதி அடங்கி ஒரு நாள் ஊறியபின் துணியில் வடிகட்டி, சுவரில் பிடித்து நிற்க வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம் போடுவாள். பெரிய சுவருக்கு நார் மட்டை. ஜன்னல் ஓரங்களுக்கு மட்டும் ஒரு சின்ன பிரஷ். அதைத் தலைத்துணியில் செருகியிருப்பாள். பின்சுவரும் பக்கச்சுவரும் முடித்துவிட்டாள். முன்சுவர் வெள்ளிக்கிழமைக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் வாளியை வைக்க வெஸ்ட்ரிக்குள் வந்தவள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். நான்கு நாளாக எட்மண்ட் போட்ட படம். மணிக்கூண்டு, ஓட்டுக்கூரை, கல்லறை ஓரத்துச் சைப்ரஸ் மரங்கள், பின்னால் நீலம் நீலமாக அடுக்கிய மலைகள்.

"ஏனுங்கய்யா, இது நம்ம கோயிலுங்களா?"

எட்மண்ட் வாயில் ஒரு பிரஷ்ஷைக் கவ்வியிருந்தார். "ம்" என்றார்.

"மரமெல்லாம் அப்படியே நிக்குதுங். ஓடு எண்ணிப்போடலாமாட்ட இருக்குது." அவருடைய வண்ணப் பெட்டியையும் குனிந்து பார்த்தாள். நசுங்கிச் சுருண்ட ஏழு டியூப்கள். "சனிக்கெழமை அந்தக் கோயமுத்தூரு முதலாளி வர்றாருங்களாமா? டீச்சரம்மா சொன்னாங்க."

"ம்."

"அதுக்குள்ள முடிஞ்சுருமுங்களா?"

எட்மண்ட் பிரஷ்ஷை எடுத்தார். "முடிஞ்ச மாதிரிதான் பொன்னாயி. வாசக்கதவுல நெழலு மட்டும் நாளைக்கு வெக்கணும்."

அவள் பெட்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வாளியை மூலையில் வைத்தாள். எட்மண்ட் பிரஷ்களைக் கழுவி வைத்துவிட்டு, மூன்றரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார். மேகம் இறங்க ஆரம்பித்தால் அந்த அறையில் வண்ணம் தெரியாது.

வாட்டர் கலர் போடுகிறவன் வெள்ளை நிறம் வைத்திருக்கமாட்டான். வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விடுவான். அந்தக் கோயிலின் முன்சுவர் முழுவதையும் எட்மண்ட் அப்படித்தான் விட்டிருந்தார். சுற்றிலும் எல்லாவற்றையும் அடர்த்தியாக்கி, நடுவில் வெறும் காகிதத்தைச் சுவராக நிமிர்த்தியிருந்தார். நான்கு நாள் உழைப்பில் பாதி, ஒரு சொட்டும் அங்கே விழாமல் காப்பதற்கே போனது. இதை யாருக்கும் அவர் விளக்கியதில்லை. கேட்டவர்களும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. பொன்னாயி ஏழு மணிக்கே ஏணி போட்டு, முன்சுவரில் இடப்பக்கப் பாதியை முடித்திருந்தாள். அவரைப் பார்த்ததும் ஏணியிலிருந்து விறுவிறுவென்று இறங்கிப் பின்னாலேயே வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கி வைத்திருந்தாள். நல்ல காரியம் செய்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளையின் முகம்.

படத்தில் கோயில் சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்திருந்தது.

நன்றாகவே அடித்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு இழை தாண்டவில்லை. கதவு நிலையைச் சுற்றிச் சின்ன பிரஷ்ஷால் நறுக்காக வெட்டியிருந்தாள். ஓட்டின் நுனியில் ஒரு பொட்டுக்கூடச் சிதறவில்லை. ஆனால் காகிதம் ஈரத்தில் ஊறித் தொட்டிலாக வளைந்துவிட்டது. காய்ந்த இடத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. ஈரத்தோடு பரவிய சுண்ணாம்புக் காரம் பட்டு வானத்து நீலம் பழுப்படித்துப் போயிருந்தது.

எட்மண்டுக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். ஃபேக்டரியில் அவர் மெதுவாகப் பேசினால் ஆட்கள் நடுங்குவார்கள்.

"இது ஆரு பண்ணுனது?"

"நானுங்க." சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. "எல்லாத்துக்கும் கலர் போட்டிருந்தீங்க. வானத்துக்குப் போட்டீங்க, மரத்துக்குப் போட்டீங்க, ஓட்டுக்குப் போட்டீங்க. சுவரு மட்டும் வெறுங்காயிதமா நின்னுது. பொட்டியப் பார்த்தேன், வெள்ளை டியூப்பே இல்லீங். வேலை போன பொறகு ஐயாவுக்கு வாங்க வழியில்லையாட்டிருக்குது, வாய்விட்டுக் கேக்கற ஆளும் இல்லையேன்னு, நேத்துப் பொழுதோட நானே ஒக்காந்து..." அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் தேய்ந்தது. "தப்புங்களா?"

"நீ போ" என்றார் எட்மண்ட்.

"ஐயா..."

"போம்மா. ஏணிய அப்பறம் எடுத்துக்கலாம்."

அவள் போனாள். எட்மண்ட் பலகையின் முன்னால் உட்கார்ந்தார். மறுநாள் பதினோரு மணிக்கு ஆள் வருகிறார். திங்கட்கிழமை லாரி. குடோனில் பனியன் கட்டு எண்ணும் தன்னையே பார்த்தார். இருபத்தாறு வருஷமும், ஞாயிற்றுக்கிழமைகளும், இந்த நான்கு நாளும் ஒரு வாளிச் சுண்ணாம்பில் போய்விட்டன என்று தோன்றியது.

பன்னிரண்டு மணிக்கு யூனிஸ் சோற்றுத் தூக்கோடு வந்தாள். பள்ளிக்கூடம் அரைநாள். படத்தைப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் துடைப்பது மட்டும் மிச்சமிருந்தது.

"பொன்னாயியா?"

"ஆமா."

"எங்க அவ?"

"போகச் சொல்லிட்டேன்."

"திட்டுனீங்களா?"

"இல்ல."

"மெதுவாப் பேசுனீங்களா?"

யூனிஸ் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அவ எதுக்கு இதைச் செஞ்சான்னு நெசமாவே தெரியலைங்களா? அவ புள்ள காயத்ரி எட்டு மாசத்துலயே பொறந்துட்டா. ஆடி மாசத்து மழை, லயன் ஊட்டுல கூரை ஒழுகுது. கொழந்தையச் சூடா வெச்சிருக்கோணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பதினோரு நாளு ஃபேக்டரில எலை காய வெக்கற டிரையர் பக்கத்துல எலைக்கூடையில போட்டு வெச்சிருந்தீங்களே."

எட்மண்ட் நெற்றியைச் சுருக்கினார். குழந்தை ஞாபகத்துக்கு வரவில்லை. மேனேஜர்தான் வந்தார். ரவுண்ட்ஸ் வந்த மேனேஜர், என்ன சத்தம் அது என்று கேட்டதும், பெல்ட் கிரீச்சிடுகிறது சார், எண்ணெய் விடவேண்டும் என்று தான் சொன்னதும், அவர் தலையாட்டிவிட்டுப் போனதும் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் கூடையும் வந்தது. பழந்துணிக்குள் ஒரு கைப்பிடி முகம். புறங்கையைக் கன்னத்தில் வைத்து, சூடு போதும் என்று சொன்ன ஞாபகம்.

"அந்தப் புள்ளையா இப்பத் திருப்பூருல இருக்கறது?"

"அதேதான், பத்தொம்பது வயசாச்சு. செரி, இன்னொண்ணு கேக்கறேன். அன்னையிலிருந்து வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு நம்ம ஊட்டு முன்சுவத்துக்கு வெள்ளை அடிக்கறது ஆரு?"

"ஃபேக்டரில ஆளு உடுவாங்க. குவார்ட்டர்ஸ்தானே."

"ஃபேக்டரி மூடித்தானே கெடந்துது போன கிறிஸ்மஸுக்கு? அப்ப ஆரு அடிச்சா?"

போன வருஷமும் சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றுதான் இல்லாத வாசனையை மூக்கால் தேடிக்கொண்டிருந்தார். யார் அடித்தது என்று கேட்கத் தோன்றவேயில்லை. ஒரு வருஷமா, பத்தொன்பது வருஷம். ஒரு கூடைக்கு இடம் கொடுத்ததை மறந்தது போகட்டும். கொடுத்தவன் மறக்கலாம். பத்தொன்பது வருஷமாக வாங்கிக்கொண்டதைக் கண் திறந்து பாராமல் இருந்துவிட்டாரே. கட்டடம் பார்த்துப் படம் போடுகிறவன் என்று பெயர். சொந்த வீட்டுச் சுவரைப் பார்க்கவில்லை. எட்மண்ட் எழுந்து வெளியே போனார்.

பொன்னாயி கோயிலுக்குப் பின்னால் டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய மட்டையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். எட்மண்ட் வந்து நின்றதும் எழுந்தாள்.

"ஐயா, அது என்னமோ பண்ணினா சரியாயிருமுங்களா? நான் வேணா நோகாமச் சொரண்டிப்போடறேன்."

"வேண்டாம் பொன்னாயி. தப்பு என்னோடதுதான். சுவத்தை எதுக்கு வெறுசா உட்டேன்னு நான் சொல்லியிருக்கணும்." நிறுத்தினார். அடுத்ததைச் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. "எங்க ஊட்டுக்கு வருசா வருசம் அடிக்கறது நீதான்னு இன்னைக்குத்தான் தெரியும். இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லலை நான். ரொம்ப நன்றி பொன்னாயி."

அவள் சேலை நுனியை இழுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடமெல்லாம் வெள்ளையானது. "அதுக்கென்னுங், மிஞ்சுன சுண்ணாம்புதானுங்களே" என்றாள்.

யூனிஸ் வெஸ்ட்ரி வாசலிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க, பேசுனது போதும். பெரிய காயிதம் வேற இருக்குதா இல்லீங்களா?"

ஒன்று இருந்தது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் பெட்டியின் அடியில் கிடந்த தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். வலப்பக்கப் பாதியில் ஈரம் ஏறிப் பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தது. தவிட்டு நிறத்தில், பழைய தேயிலைக் கறைபோல. இடப்பக்கம் சுத்தம். அந்தத் தாளில் பாதிச் சுவரைத்தான் வெள்ளையாக விட முடியும்.

எட்மண்ட் தாளைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சுவரைப் பார்த்தார். பொன்னாயி காலையில் இடப்பக்கம் அடித்து, பாதியில் விட்டுவிட்டு வந்த சுவர். இந்தப் பக்கம் பளீரென்ற வெள்ளை. அந்தப் பக்கம் பாசியும் கறையும். இரண்டுக்கும் நடுவில் ஏணி.

"பொன்னாயி, மறுபடி ஏணி ஏறு" என்றார்.

"அடிக்கறதுங்களா?"

"அடிக்காதே. மட்டைய ஓங்கிட்டு நில்லு. ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம் சும்மாவா நிப்பாங்க? ஆராச்சும் பார்த்தா, பொன்னாயிக்குப் பேய் புடிச்சுக்கிச்சும்பாங்க."

"பேசலாம். அசையாதே."

அவள் நின்றாள், பேசினாள். காயத்ரிக்குத் திருப்பூரில் தையல் பிரிவில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது, பொங்கலுக்கு வருகிறாள், அந்த ஊரில் தண்ணீரே ஒரு தினுசாக இருக்கிறதாம், டீ வாயில் வைக்க முடியாதாம், எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தே சொன்னாள். எட்மண்டின் கை ஓடியது. நான்கு நாள் அளந்து அளந்து போட்டதை இப்போது அளக்க நேரமில்லை. வலப்பக்கத்துப் பூஞ்சைப் புள்ளிகள் மேல் பச்சையும் பழுப்பும் கலந்து நனையவிட்டார், பாசியாகப் படர்ந்துகொண்டது. இடப்பக்கத்தைத் தொடவில்லை. ஏணியையும், ஏணிமேல் சேலையைத் தூக்கிச் செருகிய ஒருத்தியையும், அவள் தலைத்துணியில் நின்ற சின்ன பிரஷ்ஷையும் நாலு இழுப்பில் போட்டார்.

இரண்டு மணிக்கு மேகம் இறங்கித் தூறல் பிடித்தது. பூச்சு காயவேயில்லை. காயாமல் அடுத்ததை வைத்தால் எல்லாம் கூழாகிவிடும். புறங்கையைக் கொண்டுபோனார். குளிர்ந்தது.

"ஆகாது" என்றார். "ஃபேக்டரியா இருந்தா டிரையர் பக்கத்துல வெச்சிருவேன்."

பொன்னாயி ஏணியிலிருந்து இறங்கி லயன் பக்கம் ஓடினாள். கால்மணி நேரத்தில், அடுப்பிலிருந்து வாரிய தணலோடு ஒரு இரும்புச் சட்டியும், மறு கையில் அரிசிம்பருப்புச் சோறு நிறைந்த ஒரு போசியுமாக வந்தாள். சோற்றை யூனிஸிடம் கொடுத்தாள். சட்டியை ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் மண்டியிட்டாள்.

"எங்க புடிக்கோணும், சொல்லுங்க."

"இன்னும் தள்ளி. ஆ, அங்க. மேல கொண்டுபோ. நில்லாம நகத்திட்டே இரு."

வண்ணம் சரியாகத் தெரியாத அந்த வெளிச்சத்திலும் பொழுது இறங்கும்வரை அப்படித்தான் நடந்தது. எட்மண்ட் ஒரு பூச்சு வைப்பார். பொன்னாயி சட்டியை நகர்த்துவாள். அவள் கை ஓய்ந்தால் யூனிஸ் வாங்கிக்கொள்வாள். எட்மண்டின் புறங்கை காகிதத்தின் மேல் போய்வரும். யூனிஸின் தூக்கிலிருந்த சோற்றையும் கூட்டையும் பொன்னாயியின் சோற்றையும் ஒன்றாகக் கலந்து மூன்று பேரும் நின்றபடியே தின்றார்கள். கூட்டில் உப்பு இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கு எட்மண்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

பொன்னாயி எழுந்து முன்பக்கம் வந்து பார்த்தாள்.

"நானு இத்தனை குட்டையாங்களா?"

"கோயிலு பெருசு பொன்னாயி."

"அதுஞ் செரிதான்" என்றாள். பிறகு, "சுவத்துல வெள்ளை போட்டிருக்கிற பக்கம் காயிதந்தானுங்களே?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றதும், தனக்குத் தெரிந்த ரகசியத்தை உறுதிசெய்துகொண்டவள்போல் தலையாட்டினாள்.

சனிக்கிழமை கீர்த்திவாசன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஜெர்க்கின் போட்ட, நல்ல உயரமான மனிதர். படத்தின் முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். யூனிஸ் சுவரோரம் நின்று கைவிரல்களைப் பின்னிக்கொண்டாள். பொன்னாயி உள்ளே வரவில்லை. வாசலில் வாளியோடு நின்றாள்.

"நல்லா இருக்குது சார். ஆனா சுவரு பாதிதானே வெள்ளையா இருக்குது?"

"ஆமாங்க. நேத்து அப்படித்தான் இருந்துது."

"இந்த ஏணியையும் ஆளையும் மட்டும் எடுத்துட்டு, மீதிச் சுவத்தையும் வெள்ளையாக்கிட முடியுங்களா? ரூமுல மாட்டறது. வர்றவங்க கோயிலு பளிச்சுனு இருக்கோணும்னு பார்ப்பாங்க."

"இதுல ஒருக்கா போட்டதை எடுக்க முடியாதுங்க" என்றார் எட்மண்ட். அதோடு நிறுத்தியிருக்கலாம். யூனிஸ் கண்ணாலேயே நிறுத்தச் சொன்னாள். ஆனால் அவர் குரல் இறங்க ஆரம்பித்துவிட்டது. "எடுக்க முடிஞ்சாலும் எடுக்கமாட்டனுங்க. நூத்திருவது வருசமாக் கோயிலு நிக்குதுன்னா, வருசம் ஒருக்கா ஆரோ ஒருத்தரு ஏணி ஏறுனதாலதான் நிக்குது. இத்தனை நாளும் ஆளில்லாத கட்டடமாவே போட்டுட்டு இருந்தேன். இனிமே முடியாதுங்க."

கீர்த்திவாசன் வெளியே போனார். போய்விட்டார் என்றே யூனிஸ் நினைத்தாள். அவர் ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்று, சுவரில் கையை வைத்து, கையில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ற பங்களாவுக்கு ஓடு மாத்தறவரு ஒருத்தரு இருக்காரு. தங்கையான்னு. நாப்பது வருசமா அந்தக் கூரைய அவருதான் பார்த்துட்டு வர்றாரு. நான் வாங்குனதே அவருக்குப் புடிக்கலை." சிரித்தார். "அந்தப் படத்துல அவரைக் கூரை மேல ஏத்த முடியுங்களா?"

"ஏறுவாருங்களா?"

"ஏறுனா எறங்கமாட்டாரு. மத்த கட்டடத்துக்கெல்லாமும் ஆளு இருப்பாங்க, நீங்களே விசாரிச்சு வெச்சுக்குங்க. பன்னெண்டும் இப்படியே இருக்கட்டும் சார்."

யூனிஸ் வெளியே வந்தாள். மேகம் விலகி, பள்ளத்தில் வெயில் விழுந்திருந்தது. பூத்துக் கிடந்த தேயிலைச் சரிவு முழுக்க மினுங்கியது. அவள் பொன்னாயியின் சுண்ணாம்புக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "இருக்கறோம் பொன்னாயி" என்றாள். அழக்கூடாது என்று புதன்கிழமை எடுத்த முடிவு சனிக்கிழமைக்குச் செல்லுபடியாகவில்லை.

திங்கட்கிழமை லாரியை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெட்டிகளை அவிழ்த்தபோது, கடிகாரத்தை அதன் ஆணியில் மாட்ட எட்மண்ட் விடவில்லை. சுண்ணாம்பு அடித்த படத்தை அங்கே மாட்டினார். தொட்டிலாக வளைந்து, வானம் பழுத்து, சுவர் வெடித்த அந்தப் படம்தான் அவர் வீட்டில் மாட்டிய முதல் படம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது. யூனிஸ் தினமும் கூட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே கூட்டினாலும், கழற்றச் சொன்னதில்லை.

அடுத்த டிசம்பரில் தேயிலை எழுந்துவிடவில்லை. எட்மண்ட் எட்டாவது படத்தில் இருந்தார். கோயிலுக்கு வெள்ளையடித்து முடித்த மறுநாள் காலையில் வீட்டு முன்சுவரில் மட்டை உரசும் சத்தம் கேட்டது. எட்மண்ட் டீ போட்டு, ஆற்றி, டம்ளரோடு வெளியே போனார். இத்தனை வருஷம் தவறவிட்டதை இந்த வருஷம் தவறவிடக்கூடாது என்று வாரம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பொன்னாயி ஏணியில் நின்றபடியே டீயைக் குடித்தாள். நல்ல டீ என்றாள். பிறகு இறங்கி, காலை உதறிவிட்டு வீட்டுக்குள் வந்து, படத்தின் முன்னால் நின்றாள். ஒரு கையில் தேங்காய்த் தொட்டி, அதில் வடிகட்டி நீலம் போட்ட சுண்ணாம்பு. தலைத்துணியிலிருந்து சின்ன பிரஷ்ஷை உருவினாள்.

"இதுலயும் சுவரு உதுந்து கெடக்குதுங். ஒரு கை அடிச்சு உட்டுர்றேன்."

எட்மண்ட் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, அவள் அடிக்க வாகாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.